ஒரு புளோக்கில் யார் யார்: சிங்கப்பூரின் வீடமைப்பு இன விகிதம், ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய பழைய வீடு ஒன்றை வாங்க நினைப்பவர், விலை பேசுவதற்கு முன்பே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வார். அந்த புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில், தன் இனத்துக்கு இன்னும் இடம் இருக்கிறதா? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தளத்தில் புளோக் எண்ணையும் இனத்தையும் கொடுத்தால் பதில் வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி இந்தக் கணக்கு புதுப்பிக்கப்படும். போன மாதம் இடமிருந்த புளோக்கில் இந்த மாதம் இல்லாமல் போகலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். உள்ளூரில் இரண்டு தலைமுறைகளுக்கு இது பழகிப்போன நடைமுறை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடியிருப்பாளர் குடும்பங்களில் 78.7 விழுக்காடு இருப்பது வீவக வீடுகளில்தான். ஆகவே யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்ற கேள்விக்கு, அந்த நாட்டில் பெரும்பாலும் அரசு விதியே பதில் சொல்கிறது. பல இனத்தார் கலந்து வாழ்வதால் அக்கம்பக்க உறவும் மனநலமும் கூடுமா குறையுமா என்று சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தை ஒரு நாடு கான்கிரீட்டில் கட்டிப் பார்த்திருக்கிறது. என் கணிப்பில், விதி செய்தது பாதி வேலைதான். மீதியைச் செய்தவை விதியில் எழுதப்படாத ஏற்பாடுகள்.

பிரித்துக் கட்டிய ஊர்

1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டமே இனவாரியாகப் பிரித்ததுதான். ஆற்றுக்குத் தெற்கே சீனர்களுக்கு ஒரு பகுதி, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதிகம் இருந்த சூலியாக்களுக்கு ஒரு கம்பம் (கிராமக் குடியிருப்பு), மலாய், அரபு, பூகிஸ் மக்களுக்குக் கம்போங் கிளாம் வட்டாரம் என்று கோடு போட்டார்கள். அந்தக் கோடுகள் நூறாண்டுக்கு மேல் நிலைத்தன. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்ததில் மேலும் 13 உயிர்கள் போயின. இன்றைக்குச் சிங்கப்பூர் அரசு இனம் பற்றி எதைப் பேசினாலும் அந்த 1964 பின்னால் நிற்கும். சில நேரம் தேவைக்கு அதிகமாகவே நிற்கும் என்பது என் எண்ணம்.

வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கப்புறம் கட்டுமானம் வேகம் பிடித்தது. கம்பங்களிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற புதிய பேட்டைகளில் கலந்து குடியமர்த்தப்பட்டார்கள். புது வீடுகளை அரசே ஒதுக்கியதால் கலப்பு தானாகவே நடந்தது.

அதைக் குலைத்தது மறுவிற்பனைச் சந்தை. வீட்டை விற்கவும் விரும்பிய இடத்தில் வாங்கவும் முடிந்தபோது, மக்கள் சொந்தபந்தம் இருக்கும் பக்கம் நகர்ந்தார்கள். 1980களின் இறுதிக்குள் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும், ஹவ்காங்கில் சீனர்களும், ஈசூனில் இந்தியர்களும் கூடி வருவது தெரிந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுவது இனவெறி அல்ல. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் ஒரு எளிய மாதிரியை வைத்துக் காட்டியதும் இதுதான்: தன் இனத்தார் கொஞ்சமாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் லேசாக ஆசைப்பட்டாலே போதும், யாரும் திட்டமிடாமல் ஊர் முழுக்கத் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

1989 மார்ச் 1

இன ஒருங்கிணைப்புக் கொள்கை அன்று நடப்புக்கு வந்தது. அறிவித்தவர் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், ஒரு தமிழர். விதி எளிமையானது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, புளோக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 10, 13. பின்னதை 2010இல் 12, 15 என்று உயர்த்தினார்கள், குடியேற்றத்தால் இந்தியர் விகிதம் கூடியிருந்தது. 2020 கணக்கெடுப்பில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9 விழுக்காடு. அதோடு ஒப்பிட்டால் சீனர், மலாய்க்காரர் வரம்புகள் அவர்களின் நாட்டு விகிதத்துக்கு மேலேயும், இந்தியரும் மற்றவரும் சேர்ந்த வட்டார வரம்பு ஏறக்குறைய அவர்களின் நாட்டு விகித அளவிலும் வைக்கப்பட்டிருப்பது புரியும்.

விகிதம் நடப்புக்கு வந்ததற்கு முந்தைய ஆண்டுதான் தேர்தலில் குழுத்தொகுதி முறை வந்தது: ஒரு தொகுதியில் பலர் ஓர் அணியாகப் போட்டியிடுவார்கள், அதில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். சிறுபான்மையினர் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை ஆக முடியாதபடி சிதறடிக்கப்பட்டார்கள் என்று அப்போதிருந்தே விமர்சனம் உண்டு. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் வீட்டுக் கொள்கையை அந்த ஒரு கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால் மற்ற பலவும் தெரியாமல் போய்விடும்.

விற்கும்போது தெரியும் விலை

விதியின் நடைமுறை இப்படி. ஒரு புளோக்கில் ஒரு இனத்தின் வரம்பு நிரம்பிவிட்டால், அந்த இனத்தைச் சேர்ந்த புதியவர் அங்கே அதே இனத்தாரிடமிருந்து மட்டும்தான் வாங்க முடியும். ஒருவர் போய் ஒருவர் வந்தால் விகிதம் மாறாதல்லவா, அந்தக் கணக்கு.

இப்போது ஒரு தமிழ்க் குடும்பம் தன் நான்கறை வீட்டை விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சீனர்கள், காரணம் நாட்டில் அவர்கள்தான் நான்கில் மூன்று பங்கு. முகவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: சீனருக்கு விற்க முடியாது, மலாய், இந்தியர், மற்றவர் யாராவது வரட்டும். பக்கத்து வீட்டுச் சீனர் அதே மாதிரி வீட்டை எந்த இனத்தாருக்கும் விற்கலாம். அதே தளம், அதே பரப்பளவு, அதே வயது. அவர் வீடு சில வாரங்களில் கைமாறும். இவர் மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் விலையைக் குறைப்பார். குழந்தை பள்ளி மாறவேண்டியிருந்தாலும், வயதான பெற்றோர் பக்கத்தில் போய்ச் சேரவேண்டியிருந்தாலும், பணம் அவசரமாகத் தேவைப்பட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நல்லிணக்கத்தின் பலன் எல்லோருக்கும், செலவு மட்டும் பெரும்பாலும் சிறுபான்மைக் குடும்பங்களின் தலையில். இந்தக் கொள்கையின் ஆகப் பெரிய குறை இதுதான். 2021இல் நாடாளுமன்றத்தில் இது வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2022இல், நீண்ட காலம் சொந்தமாக வைத்திருந்து, விற்க முயன்றும் இந்த வரம்பால் விற்க முடியாமல் போனவர்களின் வீட்டை வீவகவே திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 33 ஆண்டுகள் கழித்து! முதல் நாளே வந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

இன்னொரு சங்கடம், கணக்கெடுக்கும் கட்டங்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெட்டி, வீட்டுக் கணக்கில் கடைசி இரண்டும் ஒன்று. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தாத்தா வேலை பார்த்த மலையாளிக் குடும்பமும், மூன்று தலைமுறையாகத் தஞ்சோங் பகாரை அறிந்த தமிழ்க் குடும்பமும், ஐந்து வருடம் முன்பு வந்து நிரந்தரவாசியான வட இந்தியப் பொறியாளரும், யுரேசியரும் ஒரே 15 விழுக்காட்டுக்குள் இடம் தேட வேண்டும். புளோக் பார்வைக்குக் கலந்திருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்களா என்று விதி கேட்பதில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு வாரக்கடைசி

சரி, பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் என்ன நடந்தது? அதைப் பார்க்க நல்ல இடம் வாய்ட் டெக் என்று எல்லோரும் சொல்லும் கீழ்த்தளம். தூண்கள் மட்டும் நிற்கும் திறந்தவெளி. மின்தூக்கிக்குப் போகிற யாரும் அதைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு வாரக்கடைசியில் இந்த புளோக்கின் கீழே மலாய்க் கல்யாணம் நடக்கும், கொம்பாங் மேளம் அதிரும், பிரியாணி மணக்கும். இரண்டு புளோக் தள்ளி ஒரு சீன வீட்டுத் துக்கம் மூன்று நாளோ ஐந்து நாளோ ஓடும். வட்ட மேசைகள், வேர்க்கடலை, இரவெல்லாம் விழித்திருக்கும் உறவினர்கள். இரண்டுக்குமே நகர மன்றத்திடம் அனுமதி வாங்கவேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும்.

கல்யாண வீட்டார் துக்க வீட்டாரோடு நெருங்கிப் பழகுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் தலையசைப்போடு முடிந்துவிடும். ஆனால் மற்றவர் எப்படி அழுகிறார், எப்படிக் கொண்டாடுகிறார் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது அந்நியமாகத் தெரியாது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் தாள் எரிக்கும் புகை வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளும், தீபாவளிக்கு வாசலில் கோலம் இருந்தால் தாண்டிப் போகும். இந்தப் பரிச்சயத்தை நட்பு என்று தப்பாக எண்ண வேண்டாம். அதற்காக இது சின்ன விஷயமும் அல்ல. பொறுத்துக்கொள்வது இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு. 1970களில் புதிய பேட்டைகள் நெருக்கமாக எழுந்தபோது பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. தொழுகை அழைப்பு வானொலி வழியாக வீடுகளுக்கு வந்தது.

குழம்பு வழக்கு

2011 ஆகஸ்ட்டில் ஒரு பத்திரிகைச் செய்தி பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு, சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை தாங்க முடியவில்லை என்று புகார் சொன்னது. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. இந்தியக் குடும்பம், அண்டை வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதாக ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அந்தக் குடும்பம் குழம்பைச் சுவைத்துப் பார்க்கச் சம்மதித்தது.

ஊர் கொதித்தது. ஃபேஸ்புக்கில் ஆகஸ்ட் 21ஐக் குழம்பு சமைக்கும் நாளாக அறிவித்தார்கள். 57,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்வதாகக் குறித்தார்கள். கவனிக்க வேண்டியது, சமைக்கக் கிளம்பியவர்களில் நிறையப் பேர் உள்ளூர்ச் சீனர்கள். குழம்பு அவர்களுக்கு இந்தியர் உணவாகத் தெரியவில்லை, எங்கள் புளோக்கின் வாசனையாகத் தெரிந்தது. கலந்து குடியிருந்த பல பத்தாண்டுகள் ஒரு பொதுவான ‘நாம்’ உணர்வை உண்டாக்கியிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே நேரம் அதன் மறுபக்கமும் இருக்கிறது. அந்த ‘நாம்’ புதிய குடியேறிகளுக்கு எதிராகத்தான் திரண்டது. அன்றைக்கு எழுதப்பட்ட பின்னூட்டங்களில் நிறைய சீன நாட்டவர் மீதான வெறுப்பு. பழைய கோடு அழிந்த இடத்தில் புதிய கோடு விழுந்தது. இனத்தை வைத்து எண்ணும் விகித முறைக்கு இந்தக் கோடு தெரியவே தெரியாது. புகார் சொன்னவரும் ஆதரவாகச் சமைத்தவரும் கணக்கில் ஒரே ‘சீனர்’.

சமரச நிலையத்தின் மேல் அப்போது விழுந்த வசவு நியாயமில்லை என்றே நினைக்கிறேன். தீர்வை மத்தியஸ்தர் திணிக்கவில்லை, இரு தரப்பும் தாங்களே பேசி எட்டியது என்று அந்த நிலையம் விளக்கியது. காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகாமல் இரண்டு குடும்பங்கள் ஒரு மேசையில் உட்கார இடம் இருந்தது என்பதே விஷயம். சமூக சமரச நிலையம் 1998இல் தொடங்கியது. விகிதம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. பக்கத்தில் வைத்தால் உரசலும் வரும், அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதைத் தாமதமாகவாவது உணர்ந்திருக்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 2007இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஏறத்தாழ 30,000 அமெரிக்கர்களிடம் நடத்திய கருத்தாய்வை வைத்து அவர் சொன்னது: இனக்கலப்பு கூடிய வட்டாரங்களில் மக்கள் மற்ற இனத்தாரை மட்டுமல்ல, தம் இனத்தாரையே குறைவாக நம்புகிறார்கள். தன் கூட்டுக்குள் சுருங்கிக்கொள்கிறார்கள். நீண்ட காலத்தில் நன்மை வரும் என்றும் அவர் எழுதினார், மேற்கோள் காட்டுபவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள். 2020இல் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டென்மார்க் ஆய்வாளர்கள், எதிர்மறைத் தொடர்பு உண்டு, ஆனால் சிறியது என்றார்கள். அக்கம்பக்கத்தார் மீதான நம்பிக்கையில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது.

மறுபக்கம் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த தொடர்புக் கொள்கை. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால் பழகப் பழக முன்முடிவு குறையும். 2006இல் பெட்டிக்ரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, பொதுவாக இது உண்மை என்று கண்டார்கள். இரண்டு முடிவுகளும் மோதுவதாகத் தோன்றும். உண்மையில் அவை வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. பட்னம் அளந்தது பக்கத்தில் இருப்பதை. ஆல்போர்ட் பேசியது பழகுவதை. வீவக விதி தருவது முதலாவதை மட்டும். ஒரே அளவு வீடு, ஒரே மின்தூக்கி, ஒரே உணவங்காடி நிலையம் என்பதால் சம அந்தஸ்தும் ஓரளவு வந்துவிடுகிறது. சேர்ந்து செய்யும் வேலைதான் குறைவு. வசிப்போர் குழுக்கள் அதற்கு முயல்கின்றன, வருகிறவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள்.

மனநலத்துக்கு வந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. லண்டனின் தென் பகுதியில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு வட்டாரத்தில் சிறுபான்மையினரின் விகிதம் குறையக் குறைய, அங்குள்ள சிறுபான்மையினரிடையே மனச்சிதைவு நோய் புதிதாக வருவது கூடியது. 1939இலேயே சிகாகோவில் இதே போக்கு தென்பட்டது. தன்னைப் போன்றவர்கள் சுற்றிலும் இருப்பது ஒரு கவசம். அவமதிப்பு நேர்ந்தால் சொல்லிக்கொள்ள ஆள், கஷ்டத்தில் கேட்காமலே வந்து நிற்கும் கை. அப்படியானால் சிறுபான்மையினரை 15 விழுக்காட்டுக்குள் நிறுத்திப் பிரித்து வைப்பது அந்தக் கவசத்தைக் கழற்றுவதாகாதா?

சிங்கப்பூரில் அது முழுதாகக் கழலாமல் இருந்ததற்குக் காரணம் விதிக்கு வெளியே இருக்கிறது. 1975இல் பள்ளிவாசல் கட்டுமான நிதி தொடங்கி, முஸ்லிம் ஊழியர்களின் சிறு மாதச் சந்தாவில் புதிய பேட்டைகளில் பள்ளிவாசல்கள் எழுந்தன. முதலாவது 1977இல் தோ பாயோவில். செம்பவாங்கிலிருந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் ஈசூனுக்கு மாறியது. மலாய் முஸ்லிம்களுக்கு உதவும் மெண்டாக்கி 1982இலும், இந்தியர்களுக்கு உதவும் சிண்டா 1991இலும், சீனர் மேம்பாட்டு உதவி மன்றம் 1992இலும் தொடங்கின. துணைப்பாட வகுப்பு, குடும்ப உதவி எல்லாம் இனவாரியாகவே நடக்கின்றன. வீட்டைக் கலந்து வைத்துவிட்டு உதவியை மட்டும் இனவாரியாகப் பிரிப்பது முரண் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. புளோக்கில் கலப்பு, ஊர் அளவில் சொந்தச் சமூகம் என்ற இரண்டடுக்கு ஏற்பாடு அது. ஊரும் சிறியது, ஒரு ரயில் பயணத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் வந்துவிடலாம். தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் சேர்ந்து படிப்பதும் இதே தர்க்கம்தான்: சிதறி இருப்பவர்களுக்கு ஒரு கூடுமிடம். பரந்து விரிந்த நாட்டில், இந்தக் கூடுமிடங்கள் இல்லாமல் விகிதத்தை மட்டும் நகலெடுத்தால், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தனித்துப்போன குடும்பங்கள்தான் மிஞ்சும்.

விதி எட்டாத இடங்கள்

தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கும் தரைவீடுகளுக்கும் இந்த விகிதம் இல்லை. வசதி கூடக் கூட அங்கே போகிறவர்கள் விதியை விட்டும் வெளியேறுகிறார்கள். வாடகைச் சந்தையில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று வெளிப்படையாக விளம்பரம் வந்த காலமும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி வெளிநாட்டு ஊழியர்கள். மலேசியர் அல்லாத கட்டுமான ஊழியர்கள் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கக்கூட அனுமதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த பல்லாயிரம் பேர் தீவின் ஓரங்களில் உள்ள விடுதிகளில் இருக்கிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் ஒரு விபத்துச் சாவைத் தொடர்ந்து கலவரம் மூண்டபோது, 1969இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு வராது என்று நம்பியது வந்துவிட்டதாக ஊர் திடுக்கிட்டது. 2020இல் கொரோனா தொற்று விடுதிகளில் பரவி, அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தவர்களில் 47 விழுக்காட்டினரைத் தொட்டிருந்தது. பக்கத்திலேயே வீவக புளோக்குகளில் எண்ணிக்கை அதில் சிறு பகுதிதான். விடுதிகளைக் கட்டிய விதத்துக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. 2021இல் புதிய விடுதிகளுக்கு அறைக்கு 12 பேர் என்று உச்சவரம்பு வந்தது.

இடம் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. 2008இல் தரைவீடுகள் நிறைந்த சிராங்கூன் கார்டன்சில், காலியாகக் கிடந்த பள்ளிக் கட்டடம் ஒன்றை ஊழியர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டன. விடுதி வந்தது. ஆனால் அங்கு தங்குவோர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. ஊழியர்கள் பேட்டைக்குள் நுழையாமல் போய்வர, தனிச் சாலை ஒன்றும் போடப்பட்டது.